கிரீஸ் பூசாதே

தவரத்தினம் மாமா பின்னால் கட்டி இழுக்கும் கரவன் ஒன்று வாங்கியதைச் சாரதாதேவி மாமிக்கு மூன்று நாள் சொல்லவில்லை. நான்காம் நாள் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. பிரெஞ்சில் கடிதம் வந்தால் மாமி அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் அவர்கள் நாலாம் மாடி, நாங்கள் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

“கரவனோ? ஆற்றை கரவன்?”

“மாமாவின்ரை பேர்தான் கிடக்கு, மாமி.”

மாமி கடிதத்தை மடித்துக்கொண்டு மேலே ஏறினார். என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசையில் நானும் பின்னால் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வீடெண்டு ஒண்டு இஞ்சை கிடக்கு. அது காணாதெண்டு இன்னொரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு திரியப் போறியளோ?”

மாமா சோற்றைக் குழைத்தபடி, “அது சின்ன வீடுதானே” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை.

மாமா கெட்டிக்காரர், உழைப்பாளி. வாய் திறந்து சொல்வது மட்டும்தான் அவருக்கு வராது. 1991இல் பாரிசுக்கு வந்தவர். பதினேழு வருடம் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, 2009இல் தனியாள் தொழில் பதிவு செய்வதற்குப் புதுச் சட்டம் வந்தபோது வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய ஜப்பான் பிக்கப் வாங்கினார். ஐந்து பேர் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. வேலையை விட்டதையும் பிக்கப் வாங்கியதையும் மாமிக்கு ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து ருன்ஜிஸ் மொத்தச் சந்தையில் மரக்கறி ஏற்றி லா சப்பலில் நான்கு தமிழ்க் கடைகளுக்குப் போடுவதுதான் அவர் தொழில்.

பேசுவதற்குப் பதிலாக அவர் எழுதி ஒட்டுவார். வீட்டில் எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு, பிக்கப்பின் எந்தச் சில்லுக்கு எவ்வளவு காற்று, ஃபிரிஜ்ஜுக்குள் எந்தப் பெட்டியில் எந்த மீன் என்று எல்லாவற்றிலும் வெள்ளை டேப்பும் அவருடைய கொட்டை எழுத்துத் தமிழும் இருக்கும். மாமி அவற்றை வாசிப்பதும் உண்டு, வாசிக்காமல் விடுவதும் உண்டு.

கரவன் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. மாமி வந்து பத்தொன்பது வருடம். கலியாண வீடு, செத்த வீடு என்று ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் போனதைத் தவிர அவர் எங்கும் போனதில்லை. ஒரேயொரு முறை மாமா கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். அந்தக் குசினியில் யார் என்ன இறைச்சி சமைத்தார்களோ என்று மாமி முதல் நாள் முழுவதும் சட்டிகளைத் தேய்த்தார். தேய்த்த பிறகும் அவற்றில் சமைக்க மனம் வரவில்லை. மூன்று நாளும் பாணும் வாழைப்பழமும். சொந்தக் குசினியைக் கூடவே கொண்டுபோனால் என்ன என்று மாமா யோசித்தது அப்போதுதான்.

மாமிக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. அவர் இந்த நாட்டுக்கு வந்தது மூடிய லொறியின் பின்பெட்டியில். பதினாறு மணித்தியாலம். அந்தப் பெட்டி வளைவுகளில் எப்படி ஆடியது என்று ஒருமுறை என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அதற்குமேல் சொன்னதில்லை. ரயிலில்கூட ஆட்டம் குறைவாக இருக்கும் என்று நடுப்பெட்டியில்தான் ஏறுவார்.

அன்று மாமி கடைசியில் சொன்னது இதுதான்: “ஒருக்கா வாறன். ஒரே ஒருக்கா. அது பின்னாலை ஆடி என்னைப் பயப்பிடுத்தினால், திரும்பி வந்து அடுத்த நாளே வித்துப்போட வேணும். சொல்லிப்போட்டன்.”

“ஓம்” என்றார் மாமா.

நான் இரண்டரை வருட அலைச்சல் முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். நியூசிலாந்தில் பழத்தோட்டங்களில் வேலை செய்தபோது கரவன் இழுத்துத் திரியும் ஆட்களோடு மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். அதனால் மாமா என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டார்.

“பிள்ளை, நீ அங்கை கரவன் இழுத்தனியோ?”

“இல்லை மாமா. இழுத்த ஆக்களுக்குப் பின்னாலை நிண்டு கை காட்டினனான்.”

“அது காணும்.”

கரவன் பழையது, சிறியது, ஓர் அச்சு, சாமானோடு ஆயிரத்து இருநூறு கிலோ. பிக்கப்புக்கும் கரவனுக்கும் சேர்த்து எடை கூடியதால் மாமா ஒரு நாள் பயிற்சிக்குப் போய் லைசென்சில் அதற்கான இலக்கத்தையும் வாங்கிவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டையும் இணைக்கும் கொளுவி. பிரெஞ்சில் அத்தலாஜ் என்பார்கள். வாகனத்தின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டை அது. கரவனின் முன்சட்டத்து முனையில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும்.

மாமா இரண்டு கிழமை அமெரிக்க வீடியோக்கள் பார்த்தார். அங்கே பெரிய பிக்கப்களில் உருண்டையின் இரண்டு பக்கமும் நீளமான இரும்புக் கம்பிகளைச் சங்கிலியில் மாட்டி இறுக்கி, பாரத்தை முன்சில்லுகளுக்கும் பங்கு போடுகிறார்கள். அதுதான் வேண்டும் என்ற முடிவோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஓல்னே-சூ-புவாவுக்குப் போனார். அங்கே கொளுவி பூட்டும் கராஜ் ஒன்றின் கவுண்டரில் ஆலீஸ் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், பாண்டிச்சேரிக் குடும்பம்.

“பொன்ழூர் மெசியே, உட்காருங்க” என்றவர், மாமா கைப்பேசியில் காட்டிய வீடியோவைப் பாதியிலேயே நிறுத்தினார். “இது வேணாங்க. அவங்க கரவான் வேற, நம்ம கரவான் வேற. உங்களோட முன்சட்டம் இந்தக் கம்பி குடுக்கிற இழுப்பைத் தாங்காது. பிரேக்கும் சரியா வேலை செய்யாது. இந்த நாட்டுல இதுக்குப் பேப்பரும் கிடைக்காது. வொலா.”

மாமா கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். இரண்டு கிழமை வீண்.

ஆலீஸ் இரண்டு கொளுவிகளை மேசையில் வைத்தார். ஒன்று வாத்துக் கழுத்துப்போல் வளைந்தது. சாவியைத் திருப்பினால் கழன்று கையோடு வந்துவிடும். மற்றது நாலு ஆணியில் பூட்டும் கனமான தகடு. கழலாது, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கவும் வடிவில்லை.

மாமாவின் கை வாத்துக் கழுத்துக்குத்தான் போனது. காரணம் லா சப்பல். பிக்கப் தினமும் காலையில் அந்த நாலு கடைகளில் ஒன்றான இராஜேந்திரனின் கடை வாசலில் பின்பக்கம் நடைபாதையைப் பார்த்தபடி நிற்கும். அந்த நடைபாதையில் கீரை வாங்க வருபவர்களும் இழுவைப் பையோடு போகிற கிழவிகளும் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். முதல்நாளே இராஜேந்திரன் சொல்லிவிட்டார்: “தவம் அண்ணை, உந்த இரும்புக் குண்டை நீட்டிக்கொண்டு வந்து என்ரை கடை வாசலிலை விடாதையுங்கோ. சனம் முருங்கைக்காய் வாங்க வந்து முழங்கால் சில்லை உடைச்சுக்கொண்டு போகும்.”

ஆலீஸ் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பிக்கப்பின் பின்புறத்தில் குந்தினார். “உங்க வண்டி உசரம். கழட்டுற மாடல் போட்டா உருண்டை தரையிலேருந்து ஐம்பத்தொண்ணு சாந்திமேத்தர்ல நிக்கும். உங்க கரவான் சமமா நிக்கணும்னா நாப்பத்திரண்டு வேணும். ஒன்பது சாந்திமேத்தர் வித்தியாசம்.”

“சின்ன வித்தியாசம்தானே?”

“கரவான் மூக்கைத் தூக்கிக்கிட்டுப் போகுங்க. மூக்கு தூக்கினா பாரம் பின்னால சாயும். பாரம் பின்னால சாய்ஞ்சா வால் ஆடும். மதாம் கூட வர்றாங்களா?”

“ஓம்.”

“அப்ப தகடு போடுங்க. அதுல உருண்டையை மேல கீழ இறக்கிப் பூட்டலாம்.”

மாமா கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு கடையில் ஒரு கடைக்காரனின் கோபம் ஒரு பக்கம், மாமியின் ‘ஒரே ஒருக்கா’ மறுபக்கம். தகட்டைக் கையில் எடுத்தார்.

ஆலீஸ் அதோடு விடவில்லை. கரவன் பக்கத்துக் கிண்ணத்தை மாற்றி, ஆட்டத்தை அடக்கும் கிண்ணம் ஒன்றைப் போடச் சொன்னார். அதற்குள் உராய்வுக் கட்டைகள் இருக்கும். கைபிடியை அமத்தினால் அவை உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். “சரியாப் பாரம் ஏத்தினா பொதுவா ஆடாது. காத்து, இறக்கம், பெரிய லாரி மூணும் சேர்ந்தாத்தான் ஆபத்து. அப்ப இந்தக் கட்டைதான் காப்பாத்தும். ஆனா உருண்டை காய்ஞ்சு இருக்கணும். மத்த எல்லா உருண்டைக்கும் கிரீஸ் பூசுவாங்க. இதுக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பூசினீங்கன்னா வழுக்கிடும், கட்டை செத்துச்சு.”

மாமா தலையாட்டினார். அன்று பின்னேரமே கிண்ணத்தின் மேல் வெள்ளை டேப் ஏறியது: கிரீஸ் பூசாதே.

உருண்டைக்குப் பழைய டென்னிஸ் பந்தொன்றைப் பாதி வெட்டிக் குல்லாவாகப் போட்டார். இராஜேந்திரன் அதைப் பார்த்து, “நல்லது அண்ணை, இனிச் சனம் விளையாடிக்கொண்டு விழும்” என்றார். ஆனாலும் பிக்கப்பை வாசலில் நிற்க விட்டார்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை பயணம். புது வீட்டுக்குச் செய்வதைக் கரவனுக்கும் செய்யாமல் தான் ஏறமாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டார். பஞ்சாங்கம் பார்த்து, காலை எட்டு மணிக்குக் கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்தில் கரவனின் சின்ன அடுப்பில் பால் காய்ச்சினார். பால் பொங்கியபோது மேல்மாடிப் பல்கனியில் நின்ற போர்த்துக்கீசக் கிழவர் கை தட்டினார். தேங்காய் உடைத்தோம். சில்லுகளுக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் எடுத்தோம். கரவனுக்கு இரண்டு சில்லுத்தான் என்றபடியால் மிச்சத்தைப் பிக்கப்புக்குக் கொடுத்தோம்.

மாமாவின் கவலை வேறு. மாமி ஏற்றிய சாமான்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்துக் கிலோ அரிசி, பெரிய சட்டி இரண்டு, இடியப்ப உரல், குத்துவிளக்கு. எல்லாம் பின் அலுமாரிக்குள் போயிருந்தன. ஒரு சொல்லும் சொல்லாமல் அவற்றை எடுத்து நடுவில், அச்சுக்கு நேர் மேலே வைத்தார். பிறகு இராஜேந்திரனின் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்த உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசைக் கரவனின் முன்சட்டத்துக்குக் கீழே வைத்து நிறுத்தார். எழுபத்தைந்து கிலோ. உருண்டையின் மேல் விழ வேண்டிய பாரத்துக்கு ஆலீஸ் சொன்ன கணக்கு. மாமாவின் முகத்தில் அன்று நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

பிக்கப்பைப் பின்னுக்கு எடுக்க நான் கை காட்டினேன். கிண்ணத்தை உருண்டைக்கு மேல் இறக்கியதும் நான்தான். இறக்கும்போது பார்த்தேன்: உருண்டையின் நெற்றியில் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம். டென்னிஸ் பந்து கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கதவு, கண்ணாடி, சில்லு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மாமி இதையும் விடவில்லை. பார்க்க நன்றாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கைபிடியை அமத்திப் பூட்டினேன்.

போவே நகரம் தாண்டும்வரை எல்லாம் சரி. மாமா தொண்ணூறைத் தாண்டவில்லை. மாமி முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். “பரவாயில்லை. பின்னாலை ஒண்டு வாறதெண்டே தெரியேல்லை” என்றார்.  மாமாவின் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பிறகு ஒரு நீண்ட இறக்கம். இடப்பக்கம் பெரிய லொறி ஒன்று எங்களை முந்தியது. அதன் காற்று முதலில் எங்களைத் தள்ளியது, பிறகு இழுத்தது. கரவன் ஒருமுறை வலப்பக்கம் போனது. பிறகு இடப்பக்கம், முன்னதைவிடக் கூட. பிக்கப்பின் பின்பகுதியும் அதோடு அசைந்தது. பக்கக் கண்ணாடியில் வெள்ளைச் சுவர் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. மாமா பிரேக் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி காலை மட்டும் எடுத்தார். ஆறு முறை ஆடியது. எண்ணினேன். எழுபதுக்கு வந்ததும் அடங்கியது.

மாமி கத்தவில்லை. கைப்பை கீழே விழுந்து கிடந்தது. அவருடைய இரண்டு கையும் கதவுப் பிடியில் இருந்தன.

அடுத்த ஓய்விடத்தில் மாமா நிறுத்தினார். மாமி இறங்கி, எங்களைப் பார்க்காமல் புல்வெளிக்குப் போய் ஒரு மரமேசையில் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொன்னார், சத்தம் போடாமல்:

“இஞ்சேருங்கோ. நான் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே?”

“ஓம்.”

“இதிலையிருந்து ரயில் இருக்கோ எண்டு பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்கோ.”

மாமா கரவனைச் சுற்றி வந்தார். சில்லுகளைப் பார்த்தார், காற்றுச் சரி. உள்ளே ஏறி அரிசியைப் பார்த்தார், நடுவில்தான் இருந்தது. தூர நின்று குனிந்து பார்த்தார், கரவன் சமமாகத்தான் நின்றது. பிறகு கைபிடியைத் தூக்கிக் கிண்ணத்தைக் கழற்றினார்.

உருண்டை பளபளவென்று மின்னியது. சந்தனமும் குங்குமமும் கரைந்து செம்மஞ்சளாய் அதைச் சுற்றிப் பரவியிருந்தன. கிண்ணத்துக்குள் கட்டைகளிலும் அதே நிறம். மாமா விரலால் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனார். எனக்கும் மணந்தது. நல்லெண்ணெய்.

“மாமா, இதை நான் காலமை பார்த்தனான். வெறும் சந்தனமெண்டு நினைச்சன்.”

அவர் புல்வெளியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “மாமிக்குச் சொல்லாதை” என்றார். சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அவசரமாகத் துடைக்கத் தொடங்கினார். “நான் கிரீஸ் பூசிப்போட்டன் எண்டு சொல்லுவம்.”

“அப்பிடிச் சொன்னால் கரவனை வித்துப்போடுவா.”

“வித்தால் விக்கட்டும். தன்னாலைதான் எண்டு அவ நினைக்கக் கூடாது.”

அதற்குள் மாமி வந்துவிட்டார். மாமா லேஞ்சியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“என்னத்தை ஒளிக்கிறியள்? கரவனை ஒளிச்சியள், பிக்கப்பை ஒளிச்சியள். இப்ப லேஞ்சியோ? காட்டுங்கோ.”

காட்டினார். மாமி மஞ்சள் கறையைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

“இது என்ரை சந்தனம்.”

மாமா லேஞ்சியை மடித்தார். மாமிதான் மறுபடி தொடங்கினார். “இரும்பிலை காய்ஞ்சால் உதிர்ந்துபோகுமெண்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைச்சனான். இரண்டையும் பிடிச்சு வைச்சிருக்கிறது இதுதானே எண்டு கொஞ்சம் கூடவும் வைச்சன். அதுக்கென்ன?”

அதனால் என்ன ஆகும் என்று நான் விளக்கினேன். கட்டை, உராய்வு, காய்ந்த உருண்டை, ஆலீஸ் சொன்னது எல்லாம். மாமி கேட்டுவிட்டு டேப்பைச் சுட்டினார்.

“கிரீஸ் எண்டுதானே எழுதிக் கிடக்கு. நான் கிரீஸ் பூசேல்லையே. எழுதி ஒட்டினியள். ஏன் எண்டு வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்து போயிடுமோ?”

மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, நீளமாகப் பேசினார். உருண்டை ஏன் இந்த உயரம், கழற்றுகிற கொளுவியை ஏன் விட்டார், அரிசியை ஏன் இடம் மாற்றினார், லொறி வந்தபோது ஏன் பிரேக் மிதிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக. “நீ வாகனம் ஆடுறதுக்குப் பயமெண்டு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் இவ்வளவும்” என்று முடித்தார். மாமி நடுவில் ஒரு கேள்விதான் கேட்டார்: “பிரேக் மிதிச்சிருந்தால்?” “கரவன் பிக்கப்பிலை வந்து மடங்கியிருக்கும்.” மாமி தலையாட்டினார்.

நான் ஆலீசுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைக் கேட்டு அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். “உருண்டையைச் சுத்தமா எண்ணெய் போகத் துடைங்க. கட்டையைக் கழட்டி மணல்தாளால தேய்ங்க. ஆனா அதை நம்பாதீங்க. ஓத்தோரூட் வேணாம், சின்ன ரோட்டுல அறுபதுக்கு மேல போகாதீங்க. திரும்பி வந்ததும் புதுக் கட்டை போட்டுக்கலாம்.”

மாமி பதினெட்டு வருடமாக அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவர். எண்ணெய்க் கறை அவருக்குத் தெரியாததல்ல. கரவனுக்குள் ஏறி, தான் கொண்டுவந்த துப்புரவுப் போத்தல்களில் இரண்டை எடுத்துவந்தார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உருண்டைக்கு முன்னால் குந்தினார். மாமா உதவப் போனார். “தள்ளுங்கோ. இது என்ரை வேலை” என்றார் மாமி. ஒரு போத்தலால் கழுவி, மற்றதால் துடைத்து, வெள்ளைக் கடதாசியால் தேய்த்து, கடதாசியில் கறை வருகிறதா என்று பார்த்தார். நாலாவது கடதாசி வெள்ளையாகவே வந்தது. மாமா கட்டைகளைக் கழற்றி, கருவிப் பெட்டியில் கிடந்த மணல்தாளால் தேய்த்துப் பூட்டினார்.

“ரயில் பாக்கட்டோ, மாமி?” என்று கேட்டேன்.

மாமி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். “கரவன் ஆடிப் பயப்பிடுத்தினால் விக்கவேணும் எண்டுதான் சொன்னனான். இது கரவன் ஆட்டேல்லை, சந்தனம் ஆட்டினது. இது கணக்கிலை இல்லை.” பிறகு மாமாவைப் பார்த்து, “அறுபதுக்கு மேலை போனால் நான் இறங்கி நடப்பன்” என்றார்.

சின்னத் தெருக்களால் போக மூன்று மணித்தியாலம் பிடித்தது. எங்களுக்குப் பின்னால் கார்கள் வரிசையாகச் சேர்ந்து கோன் அடித்தன. மாமி முழுவழியும் பக்கக் கண்ணாடியில் கரவனைப் பார்த்தபடியே வந்தார். கதவுப் பிடியை விடவில்லை. மாமா ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், “இப்ப வளைவு வருது, கொஞ்சம் சரியும்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். மாமி ஒவ்வொரு முறையும் “ம்” என்றார். லொறி எதிரே வந்தால், “லொறி வருது” என்றார் மாமா. “தெரியுது” என்றார் மாமி.

சோம் ஆற்று முகத்துக்கருகில் ஒரு முகாமிடத்தில் கரவனை நிறுத்தினோம். மாமி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். அடுத்த ஐந்து நாளும் காலையும் மாலையும் சமைத்தார். கடலுக்குப் போனது இரண்டு தடவைதான். தண்ணீர் மிகத் தூரத்தில் இருக்கிறது என்றார்.

திரும்பி வந்த மறுநாள் கரவனை விற்கும் பேச்சு வரவில்லை. ஓல்னேக்குப் புதுக் கட்டை போடப் போனபோது மாமியும் கூட வந்தார். ஆலீசிடம் தானே கேட்டார்: “எவ்வளவு எண்ணெய் பட்டால் வழுக்கும்?” ஆலீஸ், “ஒரு சொட்டு, மதாம்” என்றார். “அப்ப பொட்டு எங்கை வைக்கிறது?” ஆலீஸ் யோசித்து, கரவனின் இலக்கத் தகட்டைக் காட்டினார்.

இப்போதும் அங்கேதான் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஆகஸ்டும் புறப்படும்முன் இலக்கத் தகட்டின் ஓரத்தில், எழுத்து மறையாமல். கிண்ணத்தின் மேல் உள்ள பழைய டேப்பின் கீழே மாமியின் சரிந்த எழுத்தில் இன்னொரு டேப் இருக்கிறது: எண்ணெயும் கூடாது. சந்தனமும் கூடாது. ஏன் எண்டு அவரைக் கேள்.